வீட்டுக்கே கார் லிஃப்ட் போடலாமா? கராஜ் கேள்வி பதில்

கேள்வி: சேலம் அழகாபுரத்துல இருக்கேன், ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய மாருதி 800 ஒண்ணு, பையனோட ஸ்விஃப்ட் ஒண்ணு இருக்கு. போர்ட்டிகோவ ஷட்டர் போட்டு மூடி கராஜ் ஆக்கிட்டேன், சீலிங் 10 அடி. ஒர்க்‌ஷாப்ல பாக்குற மாதிரி டூ போஸ்ட் லிஃப்ட் ஒண்ணு போட்டுட்டா ஒரு காரு மேல ஒரு காரு நிறுத்தவும் ஆச்சு, அடியில நின்னு வேலை பாக்கவும் ஆச்சுன்னு நெனைக்கிறேன். கடைக்காரர் தாராளமா போடலாம்ங்கறாரு.

பதில்: சார், அவரு உங்க தரைய வந்து பாத்துட்டு சொன்னாரா, கடையில உக்காந்துக்கிட்டே சொன்னாரா? அத மொதல்ல கேளுங்க. டூ போஸ்ட்ல காரோட மொத்த வெயிட்டும் ரெண்டு தூணுல தொங்குது, அந்த தூணு தரையில அடிச்ச ஆங்கர் போல்ட்ட நம்பித்தான் நிக்குது. அதனால மெஷினு 4 டன் தூக்குமாங்கறது அப்புறம், உங்க தரை தாங்குமாங்கறதுதான் கேள்வியே. மெஷினுக்கு வர்ற புக்குல தரை எவ்வளவு கனம் வேணும்னு போட்டிருப்பான், 4 இஞ்சுக்கு கொறஞ்சு எவனும் கேக்கறதில்ல, 6 இஞ்சு கேக்கறவனும் உண்டு. அது நல்ல கெட்டி காங்கிரீட்டா இருக்கணும், புதுசா போட்டா 28 நாள் தண்ணி காட்டி பதமான பொறகுதான் போல்ட் அடிக்கணும். நம்ம ஊரு போர்ட்டிகோவுல பெரும்பாலும் மண்ண தட்டி மேல மெல்லிசா ஒரு காங்கிரீட்ட ஊத்தி அதுக்கு மேல பார்க்கிங் டைல்ஸ் ஒட்டிடுவாங்க, டைல்ஸோட கனத்த கணக்குல சேக்கவே கூடாது.

ஒரு வேலை பண்ணுங்க, டிரில்லிங் மெஷின் எடுத்து ஒரு ஓரமா, கண்ணுக்கு தெரியாத எடத்துல ஒரு ஓட்டை போடுங்க. மொதல்ல டைல்ஸ் பொடி வரும், அப்புறம் சாம்பல் கலர்ல சிமெண்ட் பொடி வரும், டிரில் பிட்டு கொஞ்சம் மல்லுக்கட்டும். திடீர்னு கை லேசாகி வெளிய வர்ற பொடி செம்மண்ணாவோ கிராவலாவோ மாறிச்சுன்னா அங்க காங்கிரீட் முடிஞ்சுபோச்சு. ஒரு கம்பியோட நுனிய வளைச்சு உள்ள விட்டு அடி விளிம்புல மாட்டி அளந்துக்கங்க. இத பண்ணாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

இப்போ உயரம். 10 அடின்னா 3.05 மீட்டர். ஸ்விஃப்ட் ஒண்ணே ஒன்றரை மீட்டருக்கு மேல இருக்கு, அதுக்கு அடியில நீங்க நிமிந்து நிக்கணும்னா ஒரு அஞ்சரை அடி வேணும், கூட்டிப் பாருங்க, காரோட கூரை சீலிங்கத் தாண்டிடும். மேல ஒண்ணு கீழ ஒண்ணு நிறுத்துற கதையும் இதேதான், நடுவுல தட்டோட கனத்தையும் சேத்தா எடமே இல்ல. அப்படி நிறுத்தறதுக்குன்னு இருக்கறது ஃபோர் போஸ்ட், சக்கரம் தட்டு மேலயே நிக்கும், வெயிட் நாலு காலுக்கு பிரிஞ்சுடும், ஆனா அதுக்கும் சீலிங் 12 அடியாவது இருந்தாத்தான் நிம்மதி.

உங்களுக்கு ஒத்து வர்றது மிட் ரைஸ் சிசர் லிஃப்ட். கத்திரி மாதிரி விரிஞ்சு ஒரு மீட்டர் அளவுக்கு தூக்கும், சக்கரம் நாலும் சும்மா தொங்கும், உருளை வச்ச குட்டை ஸ்டூல்ல உக்காந்து பிரேக், சஸ்பென்ஷன் வேலையெல்லாம் இடுப்பு நோகாம பாக்கலாம். கொறை என்னன்னா காரோட வயித்துக்கு நேரா மெஷினே நிக்கும், அதனால சைலன்சர், கியர் பாக்ஸ் பக்கம் கை போறது கஷ்டம். இத தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. சிங்கிள் ஃபேஸ் மோட்டார்னு கேட்டு வாங்குங்க, த்ரீ ஃபேஸ் மோட்டார தலையில கட்டிட்டா வீட்டு கரண்ட் சர்வீஸே மாத்த வேண்டி வரும். பிளக்குல சொருகாம மெயின் போர்டுலருந்து தனி லைன், தனி எம்சிபி (லோடு மிஞ்சினா தானா விழுற சுவிட்ச்). பானெட்டையோ டிக்கியையோ தொறந்து வச்சுக்கிட்டு தூக்கினா நேரா ஃபேன்ல போய் இடிக்கும், அந்த எடத்துல இருக்குற ஃபேன மொதல்ல கழட்டிடுங்க.

தூக்கும்போது டக்கு டக்குன்னு லாக் விழுற சத்தம் கேக்கும். வேணுங்கற உயரம் வந்ததும் ஒரு துளி எறக்கி லாக்கு மேல உக்கார வைங்க, அதுக்கப்புறம்தான் அடியில தலைய விடணும். ஆயில் பிரஷர நம்பி ஒரு நிமிஷம் கூட உள்ள போகக்கூடாது சார்.

கேள்வி: லிஃப்ட்டுக்கு காசு இல்ல. பழைய ஒர்க்‌ஷாப் மாதிரி ஆளு எறங்கி நிக்கற மாதிரி தரையில பிட் (பள்ளம்) தோண்டிக்கலாமா? கொண்டலாம்பட்டி வாசகர்.

பதில்: வீட்டுக்குள்ள வேண்டாங்க. பெட்ரோல் ஆவியும் எல்பிஜியும் காத்த விட கனம், போய் பள்ளத்துலதான் தேங்கும், நீங்க அங்க ஹேண்ட் லேம்ப்போட எறங்குவீங்க, ஒரு பொறி பட்டா போதும், பத்திக்கும். மழைக்கு தண்ணி நிக்கும், வீட்டுல கொழந்தைங்க இருந்தா அது வேற பயம். ஒரு ஜோடி ராம்ப் (சக்கரம் ஏறுற சின்ன சரிவு மேடை) வாங்கி முன் சக்கரத்த ஏத்தி நிறுத்தி பின் சக்கரத்துக்கு கட்டை குடுத்தா ஆயில் மாத்துற வேலைக்கு அதுவே போதும்.

கேள்வி: அம்மாபேட்டையிலருந்து எழுதறேன். எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையானா ஜாக்கி போட்டு, ரெண்டு ஹாலோ பிளாக்க முட்டு குடுத்துட்டு கார் அடியில படுத்துக்கறாரு. சொன்னா கேக்கறதில்ல. டூல்ஸ் வைக்க டிராயர் கேபினெட் வாங்கணும்னு 15 ஆயிரம் எடுத்து வச்சிருக்காரு. நீங்க எழுதினா கேப்பாரு.

பதில்: தம்பி, அக்கறையில சொல்றேன், கேட்டுக்கங்க. ஹாலோ பிளாக்கு செவுத்துல வரிசையா இருக்கும்போது தாங்கும், ஒத்த கல்லு மேல காரோட விளிம்பு ஒரு எடத்துல மட்டும் அமுக்கினா சொல்லாம கொள்ளாம நொறுங்கிடும், விரிசல் விட்டு எச்சரிக்கவெல்லாம் செய்யாது. செங்கலும் அப்படித்தான்.

எனக்கு நடந்ததையும் சொல்லிடறேன். பல வருஷம் முன்னாடி ஒரு ஜாக்கிய சர்வீஸ் பண்ணி வாங்கிட்டு வந்தேன், சீல் மாத்தியாச்சுன்னு கடையில சொன்னாங்க. வண்டிய தூக்கி முன் சக்கரத்த கழட்டி, பழக்க தோஷத்துல அந்த சக்கரத்த படுக்க வச்சு பாடிக்கு அடியில தள்ளிட்டு, 14ம் நம்பர் ஸ்பேனர் எடுக்க திரும்பினேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜாக்கி அடியில எண்ணெய் வழிஞ்சு கெடக்கு, காரு அந்த சக்கரத்து மேல உக்காந்திருக்கு, ரிம்முல ஒரு நசுங்கல். ஒரு நிமிஷம் கழிச்சு நடந்திருந்தா என் தோளு அங்க இருந்திருக்கும். அந்த ரிம்ம இன்னும் செவுத்துல மாட்டி வச்சிருக்கேன்.

அதனால அந்த 15 ஆயிரத்துல மொதல் செலவு ஜாக் ஸ்டாண்டு, ரெண்டு ஜோடி, 3 டன் போட்டது. ஜாக்கி தூக்கறதுக்கு மட்டுந்தான், தாங்கறது ஸ்டாண்டு. கார் மேனுவல்ல காட்டியிருக்குற எடத்துல வச்சு எறக்கி, பக்கவாட்டுல நல்லா ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க, ஆடினா திரும்ப தூக்கி சரியா வைங்க. அடுத்தது சக்கரத்துக்கு கட்டை. மிச்ச காசுக்கு செவ்வாய்ப்பேட்டை பக்கம் போய் ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையா ஓட்டை போட்ட இரும்புச் சட்டம்) ரேக் ஒண்ணு அடிச்சுக்கங்க, நட்டு போல்ட்டுக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, தெனம் எடுக்குற ஸ்பேனருக்கு செவுத்துல ஒரு பலகை. கேபினெட் அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கலாம் தம்பி.

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் சின்ன காபி தோட்டம், ஒரு பழைய ஜீப்பு. தகர ஷெட்டுல டூல்ஸ் வச்சிருக்கேன், ஒரு மழைக்காலம் போனா போதும், எல்லாம் துரு. ஷெட்ட பெருசாக்கி லிஃப்ட் போடலாமான்னும் யோசனை, எடம் சரிவு, பாதி வெட்டி பாதி மண்ணு கொட்டி சமன் பண்ணது.

பதில்: லிஃப்ட்ட மொதல்ல முடிச்சுடுவோம், மண்ணு கொட்டின பக்கத்துல கண்டிப்பா வேண்டாம். கொட்டின மண்ணு வருஷக்கணக்குல எறங்கிக்கிட்டே இருக்கும், ஒரு தூணு அரை இஞ்சு எறங்கினாலும் மேல நிக்கற ஜீப்பு சாஞ்சுடும். வெட்டின பக்கம், கெட்டி மண்ணோ பாறையோ இருக்குற எடத்துல கம்பி கட்டி காங்கிரீட் போட்டா அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் சமதளத்துல ஜாக்கி, ஸ்டாண்டு போதும். பின் சக்கரத்த தூக்கினா ஹேண்ட் பிரேக் புடிக்காதுங்கறத மறந்துடாதீங்க, மலையில இது ரொம்ப முக்கியம், முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை குடுத்துட்டுதான் ஜாக்கியவே தொடணும்.

துருவுக்கு வருவோம். நீங்க இருக்கறது 1,500 மீட்டர் உயரம் கிட்ட. ராத்திரி முழுக்க இரும்பு சில்லுன்னு கெடக்கும், காலையில வெயிலோட ஈரக்காத்து உள்ள வந்ததும் ஐஸ் தண்ணி ஊத்தின சில்வர் டம்ளர் மாதிரி வேர்த்துடும். தகர கூரையும் அதே மாதிரி வேர்த்து கீழ சொட்டும். அதனால தெறந்த ரேக்கு, செவுத்துல மாட்டுற பலகையெல்லாம் சேலத்துக்கு சரி, உங்களுக்கு ஆகாது. கதவு நல்லா பொருந்துற மூடின அலமாரி வேணும், தரையிலருந்து அரை அடி தூக்கி, செவுத்துலருந்து ரெண்டு இஞ்சு தள்ளி. உள்ள ஒரு ஓரத்துல பழைய ஜீரோ வாட் குண்டு பல்ப மழைக்காலம் முழுக்க எரிய விடுங்க, அந்த இளஞ்சூடே இரும்ப வேர்க்க விடாது. எல்ஈடி போட்டா பலன் இல்ல, அதுல அந்த சூடு வராது. ஆனா பல்பு இருக்குற அலமாரியில பெட்ரோல், தின்னர், எண்ணெய் துணி எதுவும் இருக்கக்கூடாது.

டிராயர்ல ஸ்பாஞ்சு விரிக்காதீங்க, ஈரத்த குடிச்சு வச்சுக்கிட்டு இரும்புக்கே திருப்பி குடுக்கும். வேலை முடிஞ்சதும் ஒரு துணியில மெஷின் ஆயில் தொட்டு தொடச்சு வைங்க, கையில இருக்குற வேர்வையே துருவுக்கு போதும். சின்ன டப்பாவுக்கு சிலிக்கா ஜெல், கலர் மாறினா வாணலியில லேசான சூட்டுல காய வச்சு திரும்ப போடலாம்.

கேள்வி: நம்ம ஊரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்லயே டூல் கேபினெட் செஞ்சா என்ன? சூரமங்கலம் வாசகர்.

பதில்: சேலம் ஸ்டீல் பிளாண்ட்டு ஊருல இருந்துக்கிட்டு இந்த ஆசை வராம இருக்காது, எனக்கும் வந்துச்சு. செய்யலாம், பெட்டி துரு புடிக்காது, ஆனா உள்ள வைக்கிற ஸ்பேனரு வேற ஸ்டீலு, அது துரு புடிக்கத்தான் செய்யும். அந்த காச டிராயர் ஓடுற ஸ்லைடுல போடுங்க, ஒரு டிராயர்ல சாக்கெட் செட்ட நெறப்பினா எவ்வளவு வெயிட்டுன்னு தூக்கிப் பாத்தாத்தான் தெரியும், பால் பேரிங் ஸ்லைடு இல்லன்னா ஆறு மாசத்துல இழுக்க வராது. வெயிட்டானதெல்லாம் கீழ் டிராயர்ல. மேல் ரெண்டு டிராயர ஒரே நேரத்துல இழுத்தா பெட்டி முன்னாடி சாயும், அதனால பின்னாடி செவுத்துல ரெண்டு போல்ட் போட்டு கட்டிடுங்க. டார்க் ரெஞ்ச் (போல்ட்ட அளவு வச்சு முறுக்குற ஸ்பேனர்) இருந்தா அளவ அடி மட்டத்துக்கு எறக்கி வச்சுட்டு மூடுங்க, அதுக்கும் கீழ தளத்தி விட வேண்டாம்.