வாசகர் கேள்வி – பதில்: காப்பக ஏடுகளில் ஒரு வாழ்க்கையைத் தேடுவது

கேள்வி: இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு மனநோய்க் காப்பகத்தில் 1880-களில் இருந்தவர்களின் வாழ்க்கையைத் தேடும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: 1818-இல் திறந்த அந்தக் காப்பகத்தின் ஏடுகள் மேற்கு யார்க்‌ஷர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குங்கள். எண்ணையும் தேதியையும் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் ஏட்டுக்கு ஏடு மாறும். மூன்று முறை சேர்ந்தவருக்கு மூன்று எண்கள் இருக்கும். அவரை மூன்று பேராக எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது கேஸ் புக், அதாவது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் மருத்துவர் எழுதிவந்த குறிப்பேடு. பக்கம் நிரம்பியதும் குறிப்பு வேறு தொகுதிக்குத் தாவும். அந்தத் தொகுதியின் எண் பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்னதாக எழுதியிருக்கும். இதைக் கவனிக்காமல் ‘தகவல் இல்லை’ என்று மூடிவிடுவதால்தான் பல வாழ்க்கைகள் பாதியில் நிற்கின்றன. ‘ஐ.எஸ்.க்யூ.’ என்பது லத்தீன் சுருக்கம்: நிலையில் மாற்றமில்லை என்று பொருள். எடை ‘7 ஸ்டோன் 4’ என்றிருந்தால், ஸ்டோனுக்கு 14 பவுண்டு வீதம் 102 பவுண்டு, சுமார் 46 கிலோ. அடுத்தடுத்த எடைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். மருத்துவர் எழுதாமல் விட்டது அதில் தெரியவரும்.

‘கருதப்படும் காரணம்’ என்ற பத்தியை உண்மையென எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘ஜி.பி.ஐ.’ என்பது மனநிலையும் குலைந்து உடலும் செயலிழக்கும் ஒரு நோய். அதற்குக் குடி, அதிக உழைப்பு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அது சிபிலிஸ் என்ற பால்வினை நோயால் வருவது என்பது, 1913-இல் ஆய்வாளர்கள் நோகுச்சியும் மூரும் நோயாளிகளின் மூளையில் கிருமியைக் கண்ட பிறகே ஐயமற உறுதியானது. அன்றைய சொல்லை அப்படியே படியெடுங்கள், திருத்தாதீர்கள். உங்கள் விளக்கம் தனிப் பத்தியில் இருக்கட்டும்.

கேள்வி: 1881 மக்கள்தொகைக் கணக்கில் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கின்றனவே?

பதில்: பல மனநோய்க் காப்பகங்கள் உள்ளே இருந்தவர்களின் பெயரை அப்படித்தான் கொடுத்தன. கணக்கெடுத்த நாள் ஏப்ரல் 3. அன்று உள்ளே இருந்தவர்களைச் சேர்க்கை, வெளியேற்றப் பதிவேடுகளிலிருந்து பட்டியலிட்டு, வயது, தொழில், பிறந்த ஊர் மூன்றையும் ஒப்பிடுங்கள். முதலெழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்டினால் வேறொருவரின் குடும்பத்தை இவர் தலையில் கட்டிவிடுவீர்கள். பிறகு 1871 கணக்குக்குப் போங்கள்: வீடு, கணவன், பிள்ளைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். காப்பகத்துக்குள் நுழையும் முன்பே அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது. உங்கள் பக்கங்களில் பாதியாவது அதற்குக் கொடுங்கள்.

கேள்வி: வெளியேற்றப் பதிவேட்டில் ‘ரிலீவ்டு’ என்றிருந்தால் குணமானாரா?

பதில்: இல்லை, ஓரளவு தேறினார் என்றே பொருள். இப்படி வெளியேறியவர்கள் திரும்பச் சேர்ந்தார்களா என்று அடுத்த ஆண்டுகளிலும் பாருங்கள். 1888-இல் அதே பகுதியில் உள்ள மென்ஸ்டனில் புதிய மனநோய்க் காப்பகம் வந்ததால் அங்கும் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் எம்.எச். 94 வரிசை உதவும். 1846 முதல் நாடு முழுதும் மனநோய்க் காப்பகங்களில் சேர்ந்தவர்களின் பதிவு அது.