அமைதியாகப் போராடுகிறவருக்கு என்ன பயம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போராட்டங்களைக் கட்டுப்படுத்த எந்த நாட்டில் மசோதா வந்தாலும் எதிர்த்து எழுதுகிறீர்கள். சாலையை மறித்தால் ஆம்புலன்ஸ் நிற்கிறது, தினக்கூலிக்காரர் வேலைக்குப் போக முடிவதில்லை. பழுத்த ஜனநாயகமான பிரிட்டனே சட்டம் போட்டிருக்கிறதே! அமைதியாகப் போராடுகிறவருக்கு இதில் என்ன பயம்?

– வ.

அன்புள்ள வ.,

ஆம்புலன்ஸை மறிப்பதை நான் ஒருநாளும் ஆதரித்ததில்லை. ஆனால் பிரிட்டனில் சாலையை மறிப்பது 1980ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். அவசர உதவிக்குப் போகிறவரைத் தடுப்பதற்கு 2006இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்தக் கவலைக்குப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை.

புதுச் சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். 2023 மே 2 அன்று பொது ஒழுங்குச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. எதனோடாவது தன்னைப் பூட்டிக்கொண்டு இடையூறு செய்வதற்கான பொருளைக் கையில் வைத்திருப்பதும் அதன்படி குற்றம். நான்கே நாளில், மே 6, மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா. முடியாட்சியை எதிர்க்கும் 'ரிபப்ளிக்' அமைப்பினர் காலையில் வேனிலிருந்து பதாகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திட்டத்தை முன்கூட்டியே போலீஸிடம் பேசிவிட்டு வந்தவர்கள். பதாகைகளைக் கட்டியிருந்த வார்களைப் பார்த்த போலீஸ், இவை பூட்டிக்கொள்ளும் கருவிகள் என்று சொல்லி ஆறு பேரைக் கைது செய்தது. பயணப்பெட்டி கட்டுகிற வார்! அன்று இரவுவரை உள்ளே வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் வழக்கு இல்லை என்றாயிற்று. லண்டன் காவல்துறை வருத்தமும் தெரிவித்தது. அவர்கள் பதாகை பிடிக்க வந்த நாள் போனது போனதுதான்.

அமைதியாகப் போராட வந்தவர்கள்தான் இவர்களும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஊர்வலத்துக்கு நிபந்தனை விதிக்க போலீஸ் சொல்லும் முக்கியக் காரணம் 'கடுமையான இடையூறு'. அதன் பொருளை 'சிறிய அளவுக்கு மேற்பட்ட' இடையூறு என்று தளர்த்த அரசு முயன்றது. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை 2023 தொடக்கத்தில் அதை நிராகரித்தது. ஜூனில் உள்துறை அமைச்சர் அதையே துணை விதியாக, அதாவது இருக்கிற சட்டத்தின்கீழ் அமைச்சர் போடும் விதியாக, கொண்டுவந்தார். 'கடுமையான' என்ற சொல் அச்சில் அப்படியே இருந்தது, உள்ளே பொருள் மட்டும் மாறிவிட்டது. அமைச்சருக்கு அந்த அதிகாரமில்லை என்று உயர்நீதிமன்றம் 2024 மேயில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025இல் அதை உறுதிசெய்தது. அதற்குள் அந்த விதியின்கீழ் பலர் கைதாகிவிட்டார்கள்.

அதனால்தான் மசோதா வந்தால் தண்டனை எத்தனை வருடம் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. வரையறைப் பகுதிக்குப் போகிறேன். எது இடையூறு, அதை முடிவுசெய்வது யார், தடை வந்தால் போராட்ட நாளுக்கு முன்பே நீதிமன்றத்துக்குப் போக அவகாசம் உண்டா?

நீங்கள் ஆதரிக்கும் மசோதா எதுவானாலும், அதன் வரையறைப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். வார் போட்டுக் கட்டிய பதாகையோடு வருகிறவர் அதன்படி குற்றவாளியா இல்லையா என்று சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.