அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் மூலப்பிரதி ஏன் இவ்வளவு மங்கிக் கிடக்கிறது?

நெருப்போ வெள்ளமோ காரணம் இல்லை, வெளிச்சம்தான். 1841 முதல் 1876 வரை, 35 வருடங்கள், வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் ஜன்னலுக்கு எதிரே இருந்த சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். மக்கள் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மைக்கு வெயில் ஆகாது. அதற்கு முன்பும் தோல்தாளைச் சுருட்டிச் சுருட்டியே ஊர் ஊராகக் கொண்டு போயிருக்கிறார்கள். அதிலும் மை உதிர்ந்தது.

ஆனால் அது இன்று இருப்பதே பெரிய விஷயம். 1814 ஆகஸ்டில் ஆங்கிலேயப் படை வாஷிங்டனை நெருங்கியபோது, ஸ்டீபன் பிளெசன்டன் என்ற வெளியுறவுத் துறை எழுத்தர் முரட்டுத் துணி வாங்கிப் பைகள் தைக்கச் சொன்னார். 'வீண் பதற்றம்' என்றார் போர்த் துறைச் செயலர். பிளெசன்டன் கேட்கவில்லை. பிரகடனத்தையும் மற்ற ஆவணங்களையும் பைகளில் திணித்து, வண்டியில் ஏற்றி, வர்ஜீனியாவின் லீஸ்பர்க்கில் ஒரு காலி வீட்டில் பூட்டி வைத்தார். அப்புறம் தலைநகர் எரிந்தது. ஒரு எழுத்தரின் பிடிவாதம் இல்லையென்றால் அந்தத் தாளும் சாம்பல்தான். அவர் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போரிலும் அமெரிக்க அரசு தங்கம் சேமித்து வைக்கும் ஃபோர்ட் நாக்ஸ் பெட்டகத்தில் ஒளித்து வைத்தார்கள். 1952 முதல் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இப்போது எதனுடனும் எளிதில் வினை புரியாத ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டியில், மங்கலான விளக்கில்.

நேரில் பார்க்கப் போனால் தாளின் கீழே இடது மூலையைக் கவனியுங்கள். ஒரு கைத்தடம் தெரியும். யாருடையது என்று யாருக்கும் தெரியாது.