கணக்கு வராத பிள்ளைக்கு மூளை சும்மாவா இருக்கு?

கேள்வி: மூணாவது படிக்கிற என் மகள் 8+5-க்கு இன்னும் விரலை மடக்குறா. மந்தமோ?

பதில்: இல்லம்மா. 7–9 வயதில் விரலும் ஞாபகமும் கலந்துதான் ஓடும். ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனன் குழு ஒரே பிள்ளைகளை ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது (2014). எண்ணுவது குறைந்து ஞாபகத்திலிருந்து விடை வரவர, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸின் வேலை கூடியது. பெரியவர்களிடம் அந்த வேலை மறுபடி குறைவு, விடைதான் பதிந்துவிட்டதே! விரலைத் தடுக்காதீர்கள். 8-உடன் 2 சேர்த்து 10, மீதி 3 என்று பழக்குங்கள்.

கேள்வி: கணக்குல புலியா இருக்கிற பிள்ளைக்கு மூளை ஜாஸ்தி வேலை செய்யுமா சார்?

பதில்: கூட்டல் கழித்தலில் நேர்மாறாகத்தான் பார்த்தார்கள். அதே குழுவின் 2015 ஆய்வில், திணறும் பிள்ளைகளுக்குத்தான் மூளையில் பல இடங்கள் கூடுதலாக வேலை செய்தன. வழி தெரியாதவன் தெருத்தெருவாக அலைவான் இல்லையா, அதுபோல. 8 வாரம் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகு அந்த அலைச்சல் மற்ற பிள்ளைகளின் அளவுக்கு இறங்கியது. ‘மூளையைக் கொஞ்சம் யூஸ் பண்ணு’ என்று நாம் திட்டுகிறோமே, அந்தப் பிள்ளை அளவுக்கு மீறி யூஸ் பண்ணிக்கொண்டிருக்கிறது!

கேள்வி: ட்யூஷன் பலிக்குமான்னு ஸ்கேன்ல தெரியுமா?

பதில்: 2013-ல் 24 மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். யார் அதிகம் முன்னேறுவார்கள் என்பதை ஐ.க்யூ. காட்டவில்லை, ஹிப்போகேம்பஸின் அளவும் அதன் இணைப்புகளும் காட்டின. 24 பேர் கணக்கு உங்கள் பையனுக்கு ஜாதகம் ஆகாது. ஸ்கேன் காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு மாமியார் சொல்றாங்க.

பதில்: 3 முதல் 10 வயது வரை 104 பிள்ளைகளைப் பார்த்த 2019 ஆய்வில், ஆண் பெண் மூளை கணக்கில் ஒரே மாதிரிதான் இயங்கியது. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டுல டக்குன்னு சொல்றவன் பரீட்சையில பேப்பரை வெறுமையா வச்சுட்டு வர்றான்.

பதில்: பயம். 2012-ல் 7–9 வயதுப் பிள்ளைகள் 46 பேரிடம் பார்த்தார்கள். கணக்கென்றால் நடுங்குகிறவர்களுக்கு அச்சத்தைக் கையாளும் அமிக்டலா எகிறியது, கணக்குப் போடும் பகுதிகள் அடங்கின. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு 7×6 கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது. கண் மட்டும் மேஜைக் கடிகாரத்துக்கே போகும். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘42-ங்களா?’ என்றான்.