வகுப்புக்குத் தவறாமல் போயும் பங்கேற்பு மார்க் ஏன் குறைகிறது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறாள். பொதுப் பாடங்களில் ஒன்றாக சோஷியாலஜி அறிமுகம் எடுத்திருக்கிறாள். வாரம் ஒரு நாள் ‘டிஸ்கஷன் செக்‌ஷன்’ என்று ஒரு சிறு வகுப்பு. அதற்கு 20 மார்க். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆனாலும் பாதிப் பருவத்தில் 20க்கு 11 என்று காட்டுகிறது. முதல் கட்டுரைக்கு சி பிளஸ். இதையெல்லாம் போடுவது பேராசிரியர்கூட இல்லை, பிஎச்.டி. மாணவர் ஒருவர். இங்கே ஒரு கன்சல்டன்சியில், அடுத்த கட்டுரையை நாங்களே எழுதித் தருகிறோம், மார்க் விஷயத்தையும் பேசி முடிக்கிறோம் என்று முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அல்லது நானே பேராசிரியருக்கு மெயில் போடலாமா? – ஒரு தந்தை, திருநெல்வேலி.

பதில்: பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

‘மார்க்கைப் பேசி முடிக்கிறோம்’ என்பது முழுப் பொய். ஒரு மாணவியின் மார்க்கைப் பற்றி அவள் சம்மதம் இல்லாமல் வெளியாளிடம் பேசவே பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இல்லை. 1974-லேயே இதற்கு அங்கே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பெற்றோர் மெயில் போட்டாலும் ‘மகளையே வந்து பேசச் சொல்லுங்கள்’ என்றுதான் பதில் வரும். அதனால் உங்கள் மெயிலும் வேண்டாம். பெற்ற தகப்பனிடமே பேச மாட்டார்கள் என்றால், பாளையங்கோட்டையில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு ஏஜென்ட்டிடம் எப்படிப் பேசுவார்கள்?

‘எழுதித் தருகிறோம்’ என்பது அதைவிட ஆபத்து. அடுத்தவர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்தால் அந்தப் பாடத்தில் எஃப், அதாவது ஃபெயில், விழலாம், பல்கலைக்கழகத்தில் இருந்தே இடைநீக்கம் வரலாம். உள்ளூர் மாணவருக்கு இடைநீக்கம் என்றால் ஒரு பருவம் வீட்டில் இருப்பது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் உங்கள் மகளுக்கு முழுநேரப் படிப்பு நின்றால் அங்கே தங்கும் உரிமையே போய்விடும். இன்னொன்றையும் பெற்றோர் யோசிப்பதில்லை. இந்த மாதிரி ஆட்கள் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டு, ‘இன்னும் பணம் போடு, இல்லாவிட்டால் உன் பல்கலைக்கழகத்துக்கே சொல்லிவிடுவோம்’ என்று மிரட்டுவதும் நடக்கிறது. மாட்டிக்கொண்ட பிள்ளை வீட்டில் சொல்லவும் பயந்துகொண்டு மாதக்கணக்கில் கப்பம் கட்டும். சேர்க்கைக்கு ஒரு கமிஷன், விசாவுக்கு ஒரு கமிஷன் என்று வாங்கியவர்கள் இப்போது பிள்ளையின் படிப்புக்குள்ளேயே கடை விரிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, அந்த 11-க்கு வருவோம். நான் இப்படிப்பட்ட செக்‌ஷன்களை நடத்தியிருக்கிறேன். பேராசிரியர் ஒரு பெரிய ஹாலில் இருநூறு முந்நூறு பேருக்கு விரிவுரை நடத்துவார். அதே மாணவர்களை இருபது இருபத்தைந்து பேராகப் பிரித்து, வாரம் ஒருமுறை ஒரு டி.ஏ.விடம் விடுவார்கள். டி.ஏ. என்பவர்தான் நீங்கள் சொல்லும் பிஎச்.டி. மாணவர். அந்த வகுப்பு, படித்து வந்ததை வைத்துப் பேசுவதற்கென்றே இருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்தால் வருகைக்கான பங்கு கிடைக்கும், அவ்வளவுதான். வாய் திறந்தால்தான் மீதி. உங்கள் மகளின் 11 அநேகமாக, ‘தவறாமல் வருகிறாள், பேசுவதில்லை’ என்பதற்கான மார்க்.

இதில் அவள் தப்பு என்று எதுவும் இல்லை. வாத்தியார் கேட்டால் ஒழிய வாய் திறக்காதே என்று சொல்லித்தான் நாம் வளர்க்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை வகுப்பில் அமைதியாக இருந்ததற்காகப் பாராட்டு வாங்கிய பிள்ளை, பதினெட்டு வயதில் அதே அமைதிக்கு மார்க் இழக்கிறது. அங்கே இருக்கும் டி.ஏ.க்கு இந்தப் பழக்கம் தெரியாது. படிக்காமல் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

கணக்கு போட்டுப் பாருங்கள். தேர்வு, கட்டுரை என்று மற்ற 80 மார்க்கில் அவள் 90 சதவீதம் எடுத்தாலும் 72. அதோடு 11 சேர்ந்தால் 83. வழக்கமான அளவுகோலில் பி. அந்த 11-ஐ 18 ஆக்கினால் 90, அதாவது ஏ மைனஸ். தேர்வில் ஏழு மார்க் கூட்டுவதைவிட இது சுலபம்.

எப்படிப் பேசினால் மார்க் வரும் என்பதற்கு ஒரு உதாரணம். சமூகவியல் அறிமுகத்தில் முதல் சில வாரங்களிலேயே சி. ரைட் மில்ஸ் வந்துவிடுவார். தனிமனிதத் தொல்லை வேறு, பொதுப் பிரச்சினை வேறு என்று 1959-ல் எழுதிய அமெரிக்க சமூகவியலாளர். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அது அவருடைய தொல்லை. ஐந்து கோடிப் பேர் வேலை பார்க்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால் அது பொதுப் பிரச்சினை என்பது அவர் தரும் உதாரணம். டி.ஏ. கேட்கிறார்: ‘அப்படியானால் கல்விக் கடன் எந்த வகை?’

ஒரு மாணவர் மில்ஸ் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறார். அது படித்ததற்கு அடையாளம், பெரிய மார்க் இல்லை. இன்னொருவர், ‘என் மாமா கடன் வாங்கிப் படித்தார், ரொம்பக் கஷ்டப்பட்டார்’ என்கிறார். அது சொந்தக் கதை, பாடத்தோடு ஒட்டவில்லை. உங்கள் மகள் இப்படிச் சொல்லலாம்: ‘எங்கள் ஊரில் பெரிய தொகைக்குக் கல்விக் கடன் வாங்க அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும். அப்போது கடன் என்னுடைய தொல்லை மட்டும் இல்லை, வீட்டில் எல்லோருடையதும். மில்ஸ் தனிமனிதன், சமூகம் என்று இரண்டாகப் பிரிக்கும்போது நடுவில் இருக்கும் குடும்பத்தை எங்கே வைக்கிறார்?’ நாலு வாக்கியம். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை, உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எந்த டி.ஏ.யும் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வார். வெளியூரில் இருந்து வந்த பிள்ளையிடம் இப்படி எத்தனையோ இருக்கிறது. அதெல்லாம் பாடத்துக்கு வெளியே என்று நினைத்துப் பிள்ளை சும்மா இருந்துவிடுகிறது.

ஒவ்வொரு வாரமும் இதுபோல ஒன்றை, பக்க எண்ணோடு, முதல் நாள் இரவே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், தைரியமும் போய்விடும்.

கட்டுரைக்கு சி பிளஸ் வந்ததும் கிட்டத்தட்ட இதே காரணத்தால்தான் இருக்கும். நம் தேர்வுகளில் வரையறை எழுதி, தலைப்புப் போட்டு, பாயின்ட் பாயின்ட்டாக அடிக்கோடிட்டால் மார்க். அங்கே முதல் பத்தியிலேயே ‘நான் சொல்ல வருவது இது’ என்று ஒரு வாதம் இருக்க வேண்டும், மீதிப் பக்கங்கள் அதை நிரூபிக்க வேண்டும். எதற்கு எவ்வளவு மார்க் என்ற அட்டவணையை, ரூப்ரிக் என்பார்கள், கட்டுரையோடே கொடுத்திருப்பார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே தன் கட்டுரைக்கு மார்க் போட்டுப் பார்க்கட்டும். கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்றில் எழுதினால் திருத்திய வரலாறு முழுக்கப் பதிவாகும். ஏ.ஐ. எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் சொந்த எழுத்தையே தவறாகப் பிடிப்பதை 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அந்த வரலாறுதான் அவளுக்குச் சாட்சி.

‘பேராசிரியர்கூட இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் அந்தப் பிஎச்.டி. மாணவர்மேல் திரும்ப வேண்டிய கோபம் இல்லை. அவருக்கு வாரம் 20 மணி நேரம்தான் வேலை என்று கணக்கு. மூன்று செக்‌ஷன் என்றால் 75 கட்டுரை. ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினாலே ஒரு வாரம் முழுசாகப் போய்விடும். வகுப்பு எடுப்பதும், மாணவர்களைச் சந்திப்பதும் அதற்கு மேல். 2022 நவம்பரில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டி.ஏ.க்கள் உட்பட சுமார் 48,000 பேர் சம்பளம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளிநாட்டு மாணவர்களிடம் உள்ளூர் மாணவர்களைவிட மிக அதிகக் கட்டணம் வாங்குகிற மாநிலப் பல்கலைக்கழகங்கள், முதலாண்டு மாணவருக்கு முகம் கொடுத்துச் சொல்லித்தரும் ஒரே ஆளை இப்படித்தான் வைத்திருக்கின்றன. பங்கேற்பு என்றால் என்ன என்று முதல் வாரமே ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பதற்குக்கூட அங்கே பலருக்கு நேரம் இல்லை. பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதனால் அவள் இந்த வாரமே டி.ஏ.யின் ஆபீஸ் அவர்ஸுக்குப் போகட்டும். மாணவர்களுக்கென்றே வாரத்தில் ஒதுக்கிய நேரம் அது. பெரும்பாலும் யாரும் வராமல் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். ‘ஏன் மார்க்கைக் குறைத்தீர்கள்’ என்று ஆரம்பிக்க வேண்டாம். ‘இனி வரும் வாரங்களில் நான் எதை மாற்றினால் என் பங்கேற்பு கூடும்?’ என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டு வந்த பிள்ளையை டி.ஏ. வகுப்பில் கவனிப்பார், பேச வாய்ப்பும் கொடுப்பார். கட்டுரையை மறுமதிப்பீடு கேட்கலாம், ஆனால் மார்க் குறையவும் வாய்ப்பு உண்டு. பாடத்தின் விதிகளை எழுதிக் கொடுக்கும் தாளை அங்கே சிலபஸ் என்பார்கள், அதில் இதற்கான கெடுவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நன்றாக விளக்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இதை மறைக்கிறோம். உங்கள் மகளுக்குக் கூச்சம் மட்டும் இல்லாமல், நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, முந்தின இரவு தூக்கம் வருவதில்லை, அல்லது திக்குவாய், காது கேட்பதில் குறை என்று ஏதாவது இருந்தால் ‘தைரியமாகப் பேசு’ என்று சொல்லிப் பயனில்லை. 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி பல்கலைக்கழகம் அவளுக்கு மாற்று வழி செய்து தர வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கிறது. மருத்துவரின் கடிதத்தோடு அங்கே விண்ணப்பித்தால், பேசுவதற்குப் பதிலாக எழுதிக் கொடுப்பது, டி.ஏ.யிடம் தனியாகப் பேசுவது என்று ஏதாவது ஏற்பாடு செய்வார்கள். டி.ஏ.க்குப் போகும் கடிதத்தில் ஏற்பாடு என்ன என்று மட்டும் இருக்கும், நோய் என்ன என்று இருக்காது. மதிப்பெண் பட்டியலில் வராது. விசாவுக்கும் பாதகம் இல்லை. வெளிநாட்டு மாணவருக்கும் இதே உரிமைதான். ஆனால் பொதுவாகப் பழைய மார்க்குக்கு இது பொருந்தாது. கடிதம் கொடுத்த நாளிலிருந்துதான். பருவம் முடிந்து அழுவதில் பயன் இல்லை, அதனால் இன்று இரவே அவளிடம் போனில் கேளுங்கள். ‘கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது இடிக்கும்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மனம் வெறுத்துப் பாடத்தையே டிராப் செய்யலாம் என்று அவள் நினைத்தால், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. எஃப்-1 விசாவில் இளங்கலை படிப்பவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) கீழே இறங்கினால் விசா சிக்கல் வரும்.

அந்த கன்சல்டன்சியிடம் மகளின் பல்கலைக்கழக லாகின், பாஸ்வேர்டு எதையாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள்.