வைன் பீப்பாவில் கிடந்த கறுப்பு பியர்: கேட்டவர்களுக்குப் பதில்

போன சனிக்கிழமை கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு போத்தல் உடைத்தோம். 12 வீத மதுசாரம் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் என்கிற கடுமையான கறுப்பு பியர். சிவப்பு வைன் இருந்த ஓக் பீப்பாவில் ஒரு வருடம் கிடந்தது. படத்தைப் போட்டதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கனடாவில் ஒரு பியர் பாரில் ஒன்பது வருடம் நின்ற அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். 21 வயது ஆகாதவர்கள் இதோடு வேறு பக்கம் போகலாம்.

வாழைச்சேனை: வைன் பீப்பாவில் வைத்தால் வைன் ருசிதானே வரும்? அதற்கு வைனையே குடித்தால் என்ன?

வைன் ருசி என்று நினைத்துக் குடித்தால் ஏமாந்துபோவீர்கள். பீப்பா வழக்கமாக 225 லீற்றர் கொள்ளும், பிரான்சில் போர்தோ பக்கத்து அளவு அது. வைன்காரர் சில வருடம் பாவித்துவிட்டுக் கழிப்பதைத்தான் பியர்காரர் வாங்குவார்கள். பலகைக்குள் ஊறிக் கிடக்கிற வைன் கொஞ்சம்தான். அது பியருக்குள் இறங்கும்போது பழ வாசம் ஒன்று, மெல்லிய புளிப்பு ஒன்று, கூடவே துவர்ப்பும் வரும். டானின் என்று அவர்கள் விளக்கம் சொல்லிக் களைக்கிற விசயத்துக்கு எங்களிடம் சின்ன வயதிலிருந்தே சொல் இருக்கிறது. நாவல்பழம் தின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதேதான்.

விஸ்கி பீப்பா வேறு சாதி. உட்பக்கத்தைக் கரியாகும்வரை சுட்டிருப்பார்கள், வனிலாவும் தேங்காய் வாசமும் தூக்கலாக வரும். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பியர் கம்பனி 1990களில் பேர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாவில் ஸ்டவுட்டை வைத்துக் காட்டியபிறகுதான் இந்தப் பைத்தியம் பரவியது. எனக்குக் கேட்டால் வைன் பீப்பாதான். பேர்பன் பீப்பா ஸ்டவுட் இரண்டாவது மிடறிலேயே கேக் தின்ற மாதிரித் திகட்டிவிடும்.

கல்முனை: அண்ணன், ஐஸ் கூலாகக் குடிக்கலாமா? எங்கட வெயிலுக்கு வேற வழி இல்லையே.

எல்லோரும் பிழை விடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு நாங்களும் பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினோம். நுரை கடுங்கோப்பி நிறத்தில் எழும்பி ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. மதுசாரம் கூடின பியரில் நுரை நிற்காது, அது குறை இல்லை. கிளாஸை பல்ப்புக்கு நேரே பிடித்தால் நடுவில் கன்னங்கறுப்பு, விளிம்பில் மட்டும் கருஞ்சிவப்புக் கோடு. முதல் மிடறு அடிப்பிடித்த சோறுதான். கூட இருந்த மச்சான், “இதுக்கா இவ்வளவு காசு?” என்று முகத்தைச் சுளித்தான். பொறு என்று கிளாஸை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் கருகல் பின்னுக்குப் போய்க் கசப்புச் சொக்லேட் வந்தது. மறுகா பேரீச்சம்பழம். அதற்குப் பிறகுதான் நாவல்பழமும் அந்தத் துவர்ப்பும், நாக்கின் இரண்டு ஓரத்திலும்.

குளிரில் வாசம் எழும்பாது, கசப்பு மட்டும் முன்னுக்கு நிற்கும். 12 முதல் 14 பாகை செல்சியஸ் நல்ல சூடு. ஆனால் ஐரோப்பியர் சொல்கிற மாதிரி “போத்தலை வெளியில் எடுத்து வைத்துவிட்டு இருங்கள்” என்பது மட்டக்களப்பில் சரிவராது. அவர்களின் அறையும் எங்கள் விறாந்தையும் ஒன்றல்ல. 30 பாகையில் அரை மணித்தியாலம் விட்டால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். நான் செய்வது, ஒரு தடவைக்கு 60 மில்லி அளவில் ஊற்றிவிட்டுப் போத்தலைத் திரும்பப் பிரிட்ஜில் வைப்பது. கிளாஸில் உள்ளது சூடேறி ருசி மாறுவதைப் பார்த்துக்கொண்டே குடித்து முடிப்பீர்கள், அடுத்தது திரும்பக் குளிரிலிருந்து தொடங்கும். ஒரு போத்தலில் நாலைந்து தடவை அந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

பொத்துவில்: அறுகம்பேயில் ரெஸ்டூரண்டில் வேலை. எந்த கிளாஸில் கொடுப்பது?

வாய் ஒடுங்கின வைன் கிளாஸ் போதும். மீன் கழுவின கையோடு துடைக்காதீர்கள்.

அக்கரைப்பற்று: நான் தச்சு வேலை செய்கிறவன், குடிக்கிற பழக்கம் இல்லை. ஏன் தம்பி ஓக் மரமே வேணும்? தேக்கு, முதிரையில் செய்தால் என்ன?

காக்கா, இன்றைக்கு வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. அமெரிக்க வெள்ளை ஓக்கின் நரம்புக்குழாய்களை மரமே உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும், அதனால் பலகை ஒழுகாது. பிரெஞ்சு ஓக்கில் அந்த அடைப்புக் குறைவு. அதை வாளால் அறுக்காமல் நார் போகிற போக்கில் பிளந்து எடுப்பார்கள், அதனால்தான் பீப்பாவும் விலை. நெருப்பு வைத்து வளைக்கும்போது மரம் வாடுகிறதே, அந்த வாட்டத்தில்தான் வனிலாவும் கிராம்பு வாசமும் பிறக்கிறது. தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, குடிக்கிற சாமானுக்கு ஒத்துவராது.

எங்கள் நாட்டிலும் சாராயத்தை மரத்தில்தான் ஆறவைக்கிறார்கள். சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற மரம், வெள்ளைக்காரன் திருகோணமலை மரம் என்று பெயர் வைத்தது. வாசம் அள்ளிக் கொடுக்காது, சாராயத்தின் முரட்டுத்தனத்தை மட்டும் தணிக்கும்.

பீப்பாவில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை, இரும்பு வளையம்தான் எல்லாப் பலகையையும் பிடித்து நிற்கிறது. லண்டனில் 1814 ஒக்டோபரில் ஒரு பியர் ஆலையின் பிரமாண்டமான தொட்டியில் வளையம் ஒன்று கழன்று, தொட்டி வெடித்து, பியர் வெள்ளத்தில் 8 பேர் செத்தார்கள். கறுப்பு பியர்தான், போர்ட்டர்.

ஆரையம்பதி: எனக்கு வந்த போத்தல் புளித்தது. பழுதா?

தவறணைக்குப் போனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் இறக்கின கள்ளு இனிப்பு, பின்னேரம் சுள்ளென்று ஏறும், அடுத்த நாள் புளி, அதையும் விட்டால் வினாகிரி. பீப்பாவுக்குள்ளும் அதே கதைதான், குளிர் நாட்டில் மெதுவாக நடக்கிறது. பலகை இடுக்கில் இருக்கிற பக்டீரியா தயிர்ப்புளிப்பைத் தரும். பிரெட்டனோமைசிஸ் என்று ஒரு காட்டு ஈஸ்ட்டும் உண்டு. 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் கிளவுசன் என்பவர் இங்கிலாந்து பியரைக் கிண்டிக் கண்டுபிடித்தது, பெயருக்கே “பிரித்தானியப் பூஞ்சை” என்று அர்த்தம். தோல்செருப்பு, மாட்டுக்கொட்டில் வாசம் வந்தால் அந்த ஈஸ்ட்டின் வேலை. ஆகவே தயிர்ப்புளிப்பு, பழப்புளிப்பு என்றால் பயமின்றிக் குடியுங்கள். மூக்கைக் குத்துகிற வினாகிரி நெடி என்றால் பீப்பாவுக்குள் காற்றுக் கூடிவிட்டது, ஊற்றிவிடுங்கள்.

களுவாஞ்சிகுடி: தம்பி, மகன் லண்டனால ஒன்று அனுப்பினவன். அவன் வரும்வரை, அடுத்த வருசம்வரை வைக்கலாமா?

வைக்கலாம் அக்கா, அலுமாரிக்கு மேல் மட்டும் வேண்டாம். நான் ஒன்றை அப்படி ஓட்டுக்குக் கீழ் ஒரு வருடம் வைத்துவிட்டு ஆசையாகத் திறந்தேன். சோயா சோஸ். அப்படியே பிரைட் ரைஸுக்கு ஊற்றலாம். பிரிட்ஜின் அடியில், நிமிர்த்தி, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

செங்கலடி: லயன் ஸ்டவுட்டை வைத்து இதைச் செய்ய ஏலுமா?

எங்கள் நாட்டு லயன் ஸ்டவுட் 8.8 வீதம், வெளிநாட்டில் பியர் பைத்தியங்கள் தேடிக் குடிக்கிற சாமான். நாங்கள்தான் அதன் அருமை தெரியாமல் ஐஸ் போட்டுக் குடிக்கிறோம். 150 மில்லி ஸ்டவுட்டுக்குள் இனிப்பில்லாத சிவப்பு வைன் ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பாருங்கள். மரம் இருக்காது, பழமும் புளிப்பும் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரியும். வீட்டில் பீப்பா வைத்துக் காய்ச்ச வெளிக்கிடாதீர்கள், மதுவரிக்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

பெயர் வேண்டாம் என்றவர்: கறுப்பு பியர் குடித்தால் இரத்தம் ஊறும் என்கிறார்களே?

கின்னஸ் 1929இல் தொடங்கின விளம்பரத்தின் மிச்சம் அது. இரும்புச்சத்து பேருக்குத்தான். முருங்கையிலை சுண்டித் தின்னுங்கள். கணக்கு ஒன்று: 12 வீதத்தில் 330 மில்லி என்றால் சுத்த மதுசாரம் ஏறக்குறைய 40 மில்லி. 4.8 வீத சாதாரண லாகர் பியர் பெரிய போத்தல் 625 மில்லியில் 30தான். சின்னப் போத்தல் என்று ஏமாந்து மோட்டர்சைக்கிளில் கல்லடிப் பாலம் ஏறாதீர்கள்.

காரைதீவு: பைட்டுக்கு என்ன? நண்டுக்கறி?

நண்டுக்கறி வேண்டாம். உறைப்போடு மதுசாரம் சேர்ந்தால் வாய் பற்றி எரியும், பியரும் வீண், நண்டும் வீண். உப்புப் போடாத கஜு நல்லது. தொதல் இருந்தால் இன்னும் நல்லது, அந்தச் சர்க்கரைக் கருகலும் தேங்காய்ப்பால் எண்ணெயும் இந்த பியருக்கென்றே கிண்டின மாதிரி. நாங்கள் எருமைத்தயிரில் கித்துள் பாணி விட்டும் ஒரு கரண்டி தின்று பார்த்தோம். மச்சான் அதற்குப் பிறகு காசைப் பற்றிக் கதைக்கவில்லை.

மட்டக்களப்பு டவுன்: அண்ணன், மிச்சம் இருக்கா?

இல்லை தம்பி. போத்தலை அம்மா கழுவிக் காயவைத்துவிட்டா, இப்ப அதற்குள் நல்லெண்ணெய் நிற்கிறது.