கையெழுத்துக்கு முன்பு ஒரு கணக்கு

கேள்வி: கொழும்பில் 40 பேர் வேலை செய்யும் அச்சகமொன்றில் 9 வருடங்களாக இருக்கிறேன். மாதச் சம்பளம் 60,000 ரூபா. ஆட்குறைப்பாம். 'சுயவிருப்பில் விலகுகிறேன்' என்று எழுதித் தந்தால் 3 மாதச் சம்பளம் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், வத்தளை

பதில்: கையெழுத்திடாதீர்கள். ஊழியரின் வேலையை முடிவுறுத்தல் தொடர்பான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் உங்களைக் காக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை ஆட்குறைப்பென்று நிறுத்த இரண்டே வழிகள்தான் உண்டு: அவருடைய எழுத்துமூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. அந்த அனுமதிக்கு விண்ணப்பித்தால் விசாரணை வரும், நட்டஈடும் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள்.

ஆணையாளரின் நட்டஈட்டுக் கணக்கைப் பாருங்கள். முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம், 6 முதல் 14 வரையான வருடங்களுக்கு 2 மாதச் சம்பளம். உங்களுக்கு 12.5உம் 8உம் சேர்ந்து 20.5 மாதங்கள், அதாவது 1,230,000 ரூபா. அவர்கள் நீட்டுவது 180,000. பணிக்கொடை இதில் சேராது. வருடத்துக்கு அரை மாதச் சம்பளமாக 270,000 ரூபா தனியே வரவேண்டும். 5 வருடம் கடந்தவர் தானாக விலகினாலும் அது கிடைக்கும். ஆகவே 'கையெழுத்திட்டால்தான் பணிக்கொடை' என்று மிரட்டினால் நம்ப வேண்டாம்.

மறுப்பை வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வழமைபோல் வேலைக்குப் போங்கள். வாயிலில் தடுத்தால், 'வேலை செய்யத் தயார்' என்று அன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வேலையைக் கைவிட்டதாகப் பிறகு சொல்வார்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி ஆவணங்களோடு 6 மாதங்களுக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். அனுமதியின்றி நிறுத்தியிருந்தால் அது செல்லாது. நிலுவைச் சம்பளத்துடன் மீண்டும் வேலையில் சேர்க்கும்படி ஆணையாளரால் உத்தரவிட முடியும்.

கேள்வி: 'ஓடர் வரும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருங்கள்' என்கிறார்கள். இதுவும் அந்தச் சட்டத்துக்குள் வருமா?
– வாசகி, கட்டுநாயக்க

பதில்: வரும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் அந்தச் சட்டம் வேலை முடிவுறுத்தலாகவே கொள்கிறது. உங்கள் நிறுவனத்தில் 15 பேருக்குக் குறைவென்றாலோ, முந்திய 12 மாதங்களில் நீங்கள் 180 நாட்கள் வேலை செய்திருக்காவிட்டாலோ இந்த வழி பொருந்தாது.